மண்டபத்தை எல்லாருக்கும் கொடுத்தவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்கு வந்த பள்ளிக்கூட அதிபர் ஒரே மத்தியானத்தில் மூன்று வீடுகளில் சாப்பிட்டார். மூன்று வீட்டுக்காரர்களும் முதல் நாளே அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று பேரிடமும் "சரிங்க, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டிருந்தார். மூன்றாவது வீடு எங்களுடையது. பாயில் உட்காரும்போதே பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை. அந்தக் குளிரில் வேர்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா சேர்?" என்று அம்மா கரண்டியோடு குனிந்தார். நான் அதிபருக்குப் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று அம்மாவுக்குக் கையைக் காட்டினேன். அதிபர் இலையைப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"வைங்க. கொஞ்சமா வைங்க."

அவர் அப்படித்தான். 'முடியாது' என்ற சொல்லை அவர் வாயால் கேட்ட ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. குடையைக் கேட்டால் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நடப்பார். ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டார் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள், அதே கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரும் கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் சரி சொல்லிவிட்டு, கடைசி நேரத்தில் ஒரு பக்கத்துக்குத் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். குள்ளமான உருவம், எப்போதும் ஒரு சைஸ் பெரிய கோட்டு. பேசுகிறவர் பேசி முடிக்கும் முன்பே அவர் தலை ஆடத் தொடங்கிவிடும்.

ஹட்டன் போகும் ரோட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு அவர் அதிபராக வந்தபோது நான் அங்கே படித்து முடித்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மேல் டிவிசனில் உள்ள பிள்ளைக் காம்பிராவில் எனக்கு வேலை. தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை எங்களிடம்தான் விட்டுப் போவார்கள். படிக்கிற காலத்தில் நான் கபடி ஆடியவள். அந்த ஆசை விடவில்லை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு கபடிக் குழு நடத்தினேன். பாதிப் பேர் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மீதிப் பேர் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தவர்கள்.

ஆடுவதற்கு எங்களுக்குக் கிடைத்தது பெரட்டுக் களம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம் அது. வெயில் காலத்தில் பரவாயில்லை. வைகாசி போய் மழை பிடித்துக்கொண்டால் களம் முழுக்கச் சேறாகிவிடும். ஒருத்தி காலைப் பிடித்தால் நாலு பேர் சறுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் தண்ணி ஓடும் கானில் விழுவோம். ஆவணியில் நுவரெலியாவில் மாவட்டப் போட்டி. பழகுகிற மாதமெல்லாம் மழை மாதமாகத்தான் வரும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு மண்டபம் இருந்தது. தகரக் கூரை, சிமெந்துத் தரை, ஒரு பக்கம் மேடை. மழை அடித்தால் கூரைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஆனால் உள்ளே ஒரு சொட்டு விழாது. விளையாட்டுக்கென்று யாரோ கொடுத்த மெத்தை விரிப்புகள் மேடைக்குக் கீழே சுருட்டிக் கிடந்தன. நான் படித்த காலத்திலேயே அவை அப்படித்தான் கிடந்தன.

ஒரு நாள் தர்ஷினியையும் இன்னொரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கேட்கப் போனேன். தர்ஷினிதான் எங்கள் குழுவில் பெரிய ஆட்டக்காரி. மூச்சை விடாமல் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனால் யாரையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கி வந்ததில் மூன்று பேர் காலிலும் அட்டை. அதிபர் எங்கள் முகத்தைப் பார்க்கும் முன்பு காலைப் பார்த்தார். தானே எழுந்து கன்டீனுக்குப் போய் ஒரு கை உப்பு வாங்கி வந்தார்.

"மொதல்ல அத எடுத்து விடுங்க. அப்புறம் பேசுவோம்."

நான் பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். "சேர், மழைக்கு எங்களுக்கு ஆட எடமில்ல. மண்டபத்த வாரத்துல ரெண்டு நாள்..."

"தாராளமா ஆடுங்க டீச்சர். புதனும் வெள்ளியும் ஸ்கூல் விட்டதுக்கு அப்புறம் வாங்க." பிள்ளைக் காம்பிரா வேலைக்காரியை டீச்சர் என்று கூப்பிட்ட ஒரே மனுஷர் அவர். "அந்த மெத்தையெல்லாம் சும்மா தானே கெடக்கு? எடுத்து விரிச்சுக்குங்க."

"கைப்பட எழுதித் தாங்க சேர், யாராவது கேட்டா காட்டலாம்."

"நான் இருக்கேன்ல. யாரு கேக்கப் போறா?"

திரும்பி ஏறும்போது மழையை யாரும் பொருட்படுத்தவில்லை. தர்ஷினி வழி முழுக்கப் பாடிக்கொண்டே வந்தாள்.

அந்த ஒன்றிரண்டு மாதம் நாங்கள் ஆடிய ஆட்டத்தைப் போல அதற்கு முன்பும் ஆடியதில்லை, பின்பும் ஆடியதில்லை. மெத்தையில் விழுந்தால் வலிக்கவில்லை. வலிக்காது என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்குப் பயம் போய்விட்டது. அதிபர் வேலை முடிந்ததும் மேடை ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கடலை கொறித்தபடி இரண்டு பக்கத்துக்கும் கை தட்டுவார். ஒரு நாள் நடுவராக நிற்கச் சொன்னோம். தர்ஷினி ஒருத்தியைத் தொட்டாள், அதே நேரம் மற்றவர்கள் அவளை அமுக்கிப் பிடித்துவிட்டார்கள். யாருக்குப் புள்ளி என்று இரண்டு பக்கமும் கத்தியது.

"அவளும் தொட்டுட்டா. இவங்களும் புடிச்சிட்டாங்க," என்றார் அதிபர். "ரெண்டு பேருக்கும் ஒன்னு ஒன்னு போட்டுக்குங்க."

"சேர், கபடியில அப்படியெல்லாம் இல்ல!" என்று தர்ஷினி மெத்தையில் படுத்தபடியே கத்தினாள். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தார். அதன் பிறகு யாரும் அவரை நடுவராகக் கூப்பிடவில்லை.

அன்றைக்குப் பிள்ளைகள் மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "ஏன் சேர், யார்கிட்டயும் இல்லன்னு சொல்ல மாட்டீங்களா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். கடலைத் தோலைக் கையில் குவித்து வைத்துக்கொண்டார்.

"எங்க அப்பா தோட்டத்துல கணக்கப்புள்ளையா இருந்தாரு, டீச்சர். லீவு கேட்டு வருவாங்க, முடியாதுன்னு சொல்லுவாரு. மருந்துக்கு போகணும்பாங்க, முடியாது. சாவு வீடும்பாங்க, முடியாது. அவரு ரோட்டுல வந்தா ஆளுங்க எல்லாம் ஒதுங்கி நிப்பாங்க. மரியாதைன்னு அவரு நெனச்சுக்கிட்டாரு. என்கூட வெளையாட ஒரு புள்ள வராது. கணக்கப்புள்ள மகன்னு சொல்லி ஓடிரும்." தோலைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்தார். "எனக்கு அந்த மொகம் வேணாம்னு அப்பவே நெனச்சேன்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன்.

ஒரு புதன்கிழமை நாங்கள் போனபோது மண்டபத்துக்குள் கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தன. சாதாரண தரச் சோதனை எழுதப் போகும் பிள்ளைகள் கொப்பிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் பள்ளி அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் நின்றார். டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருந்ததால் நாங்கள் அவரை முதலாளி என்போம். அவருடைய மகளும் அந்த வருஷம்தான் சோதனை எழுத இருந்தாள். வெளியிலிருந்து ஒரு கணித ஆசிரியரைப் பிடித்து வந்திருந்தார்.

"இன்னைக்கு கிளாஸ் இருக்கே, தங்கச்சி," என்றார்.

"புதனும் வெள்ளியும் எங்களுக்குக் குடுத்திருக்காரு முதலாளி."

"அதே ரெண்டு நாளத்தான் எங்களுக்கும் குடுத்திருக்காரு."

இரண்டு பேரும் சேர்ந்தே அதிபரிடம் போனோம். அவர் எங்களை ஒன்றாகப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். முதலாளி பேசும்போது முதலாளிக்குத் தலையாட்டினார், நான் பேசும்போது எனக்குத் தலையாட்டினார். கடைசியில், "பெரிய மண்டபம் தானே? அந்தப் பக்கம் படிக்கட்டும், இந்தப் பக்கம் ஆடட்டும்," என்றார்.

அப்படியும் செய்து பார்த்தோம். பிள்ளைகள் வாய்க்குள்ளேயே கபடி கபடி என்று முணுமுணுத்து ஆடினார்கள். மெத்தையில் ஒருத்தி விழும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் எல்லாத் தலையும் திரும்பியது. கணித ஆசிரியர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். முதலாளியின் மகள் கையால் காதைப் பொத்திக்கொண்டு கணக்குப் போட்டதை நான் பார்த்தேன். அவள் மேல் என்ன குற்றம்? எங்கள் மேல்தான் என்ன குற்றம்?

நான் மறுபடி அதிபரிடம் தனியாகப் போய், "நாங்க வேற நாள்ல வர்றோம், எங்களுக்குன்னு ஒரு நாள மட்டும் உறுதியாச் சொல்லிருங்க சேர்," என்றேன். "சரி, செஞ்சிருவோம்," என்றார். அதே வாரம் முதலாளிக்கு எல்லா நாளும் சரி சொன்னது பிறகுதான் தெரிந்தது.

முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு முறைப்பாடு கொடுத்தார். வெளியாட்கள் அனுமதி இல்லாமல் மண்டபத்துக்குள் வருகிறார்கள், சேற்றுக் காலோடு தரையை நாசமாக்குகிறார்கள் என்று. விசாரிக்க ஒரு அதிகாரி அம்மா வந்தார். அதிபர் அறையில் அவரும் அதிபரும் முதலாளியும் நானும். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அதிபர் மட்டும் அவசரமாக எழுந்து தன் கதிரையை என் பக்கம் தள்ளினார். அதிகாரி பார்த்த பார்வையில் மறுபடி இழுத்துக்கொண்டார்.

"ஸ்கூல் புள்ளைங்களுக்கே பத்தாத மண்டபம் வெளியாளுங்களுக்கு எதுக்குங்க?" என்றார் முதலாளி.

"எங்க புள்ளைங்கள்ல பாதிப் பேரு இந்த ஸ்கூல் புள்ளைங்கதான்," என்றேன். "மத்தவங்களும் இங்க படிச்சவங்கதான். நாங்க திருட்டுத்தனமா வரல. சேர்கிட்ட கேட்டுத்தான் வந்தோம்."

அதிகாரி அதிபர் பக்கம் திரும்பினார். "நீங்க அனுமதி குடுத்தீங்களா?"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதிபர் என்னைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். மூன்று பேருக்கும் பிடித்த மாதிரி ஒரு பதில் எங்கேயாவது இருக்கும் என்று தேடுகிற முகம் அது.

"அவங்க வந்து கேட்டாங்க," என்றார். "நான்... பார்ப்போம்னு சொன்னேன்."

நான் ஒரு அடி முன்னால் வந்தேன். "சேர், புதனும் வெள்ளியும் வாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்படியும் சொல்லியிருப்பேன், டீச்சர்."

"ஏதாவது ஒன்னச் சொல்லுங்க," என்றார் அதிகாரி. "குடுத்தீங்களா, இல்லையா?"

அவர் தலை மெதுவாக ஆடியது. எதற்கு ஆடுகிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. "பார்ப்போம்னுதான் சொன்ன ஞாபகம்," என்றார்.

அதிகாரி முடிவு சொல்ல நேரம் எடுக்கவில்லை. பள்ளி நேரத்துக்குப் பிறகு மண்டபம் யாருக்கும் இல்லை. கபடிக்கும் இல்லை, வகுப்புக்கும் இல்லை. முதலாளி கோபத்தோடு எழுந்து போனார். அந்த வருஷம் அவர் மகள் கணிதத்தில் தவறிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மண்டபம் போனதைக்கூடத் தாங்கியிருப்போம். மறுபடி சேற்றில் ஆடியிருப்போம். ஆனால் கதை எங்களுக்கு முன்னால் மலையேறி லயத்துக்கு வந்துவிட்டது. லயத்துப் பொண்ணுங்க கேட்காம ஸ்கூலுக்குள்ள புகுந்துட்டாங்களாம், பெரிய ஒபிசர் வந்து விரட்டிவிட்டாராம் என்று பெண்கள் தண்ணி பிடிக்கும் பீலியடியில் பேச்சு. ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். "ஆடினது போதும்க்கா, அம்மா ஏசுறாங்க," என்று ஒருத்தி வந்து சொல்லிவிட்டுப் போனாள். சிலர் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். ஆவணிப் போட்டிக்குப் போக ஆளில்லை. தர்ஷினிக்கு அவள் சித்தப்பா கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்து வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதிபர் எங்கள் லயத்துக்கு ஏறி வந்தார். யாருக்கோ குடையைக் கொடுத்திருக்க வேண்டும், முழுக்க நனைந்திருந்தார். அம்மா பழைய துவாலையை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டார்.

"எல்லார்கிட்டயும் நானே சொல்றேன், டீச்சர். நான்தான் வரச் சொன்னேன்னு சொல்லிர்றேன்."

"எல்லார்கிட்டயும் வேணாம் சேர். தர்ஷினி அப்பாகிட்ட மட்டும் சொல்லுங்க. நாளன்னைக்கு அவளக் கூட்டிக்கிட்டுப் போறாங்க."

"சரி. இப்பவே போவோம்." தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவர் எதையும் பாதியில் வைத்து நான் பார்த்தது அப்போதுதான். எனக்குள் நம்பிக்கை வந்தது.

தர்ஷினியின் அப்பா தேயிலை ஃபக்டரியில் வேலை செய்தார். அதிபரைக் கண்டதும் பதறிப்போய், வீட்டில் இருந்த ஒரே கதிரையைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துப் போட்டார். தான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே தர்ஷினியின் அம்மாவும் சித்தப்பாவும் நின்றார்கள்.

"புள்ளைங்க மேல தப்பு ஒன்னும் இல்ல," என்று அதிபர் தொடங்கினார். குரல் சின்னதாக இருந்தது, ஆனால் சொல்லிவிட்டார்.

"தெரியும் சேர். எம் புள்ள அப்படிப் போக மாட்டா." தர்ஷினியின் அப்பா கைகளைக் கோத்துப் பிசைந்தார். பிறகு நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்துக் கேட்டார். "நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க சேர். இவள கொழும்புக்கு அனுப்பலாம்னு வீட்டுல சொல்றாங்க. அனுப்புறது நல்லது தானே?"

நான் அதிபரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலை ஆடத் தொடங்கியது.

"பெரியவங்க எல்லாருமாச் சேர்ந்து யோசிச்சிருப்பீங்க," என்றார். "நல்லது தான். நல்லபடியா அனுப்புங்க."

ரோடு வரை அவரைக் கொண்டுபோய் விட்டது நான்தான். பஸ் நிற்கும் இடத்தில் ஒதுங்க ஒரு கூரைகூட இல்லை.

"நான் சொல்லியிருக்கணும்," என்றார். "வாய் வரைக்கும் வந்துச்சு. அவரு மொகத்தப் பாத்ததும் வேற வந்துருச்சு." கொஞ்சம் பொறுத்து, "என்னைய ஏசுங்க டீச்சர்," என்றார்.

ஏசுவதற்கு எனக்குள் எவ்வளவோ இருந்தது. ஆனால் அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு, பெரிய கோட்டுக்குள் சுருங்கி, மழையில் காத்துக்கொண்டு நின்றார். "பஸ் வருது சேர்," என்று மட்டும் சொன்னேன்.

மறு வருஷமே அவர் ஓய்வில் போனார். பிரியாவிடை அதே மண்டபத்தில்தான் நடந்தது. முதலாளி மாலை போட்டார் என்றார்கள். நான் போகவில்லை. புதிதாக வந்த அதிபர் கறாரானவர். ஒரு வாரம் கூட்டம் போட்டுப் பேசி, இந்த நாள் வகுப்புக்கு, இந்த நாள் விளையாட்டுக்கு என்று எழுதி வாசலில் ஒட்டிவிட்டார். யாருக்கும் பிடிக்கவில்லை, எல்லாரும் அதன்படி நடந்தார்கள். எங்களுக்கும் சனிக்கிழமை ஒதுக்கித் தந்தார். ஆனால் ஆட என்னிடம் பிள்ளைகள் இல்லை. பிறகு நான் கல்யாணமாகி வலப்பனைக்கு வந்துவிட்டேன்.

போன மாசி மாதம் அவர் இறந்துவிட்டார். செத்த வீட்டுக்குப் போயிருந்தேன். ஹட்டனில் ரோடு அடைக்கிற அளவுக்குக் கூட்டம். குடை வாங்கியவர்கள், சாட்சிக் கையெழுத்து வாங்கியவர்கள், சோறு போட்டவர்கள் எல்லாரும் வந்து அழுதார்கள். நானும் அழுதேன்.

அன்றைக்கே தர்ஷினி கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். இரண்டு பிள்ளைகள் அவளுக்கு இப்போது. வேலை செய்த கடைக்குப் பக்கத்திலேயே கல்யாணம் கட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். சேரைப் பற்றிக் கேட்டாள், யார் யார் வந்தார்கள் என்று கேட்டாள். நடுவராக நின்ற கதையைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு குரல் மாறியது.

"அன்னைக்கு சேர் வீட்டுக்கு வந்தாரே அக்கா, அப்பா ஏன் அவருகிட்ட அப்படிக் கேட்டாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அனுப்புறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தானே கேட்டாரு?"

"அப்பாவுக்கு என்னைய அனுப்ப மனசே இல்ல. அம்மாவும் சித்தப்பாவும் விடல. அவங்கள எதுத்துப் பேச அப்பாவால முடியல. ஸ்கூல் அதிபரே வந்து வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டா, அத வச்சு நிறுத்திரலாம்னு இருந்தாரு."

அந்தப் பக்கம் ஒரு பிள்ளை அழுதது. அதைத் தூக்கித் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க ரெண்டு பேரும் எறங்கிப் போனதுக்கு அப்புறம், அந்தக் கதிரைய உள்ள எடுத்துப் போடச் சொல்லி அம்மா எத்தன தடவ கூப்பிட்டாங்க. அப்பா வாசப்படிய விட்டு எந்திரிக்கவே இல்லக்கா."